குமரி மாவட்டத்தில் வீடு வாங்கப் போகிறீர்களா? அட்வான்ஸுக்கு முன் நிலத்தை அளக்கும் முறை

மார்த்தாண்டம், தக்கலை பக்கம் வீடு பார்க்கப் போகிறவர்கள் கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்குமா, தென்னை எத்தனை மூடு என்றெல்லாம் துருவிக் கேட்பார்கள். எத்தனை சென்ட் என்பதை மட்டும் விற்பவர் சொன்னபடி நம்பிவிடுவார்கள். விலை பேசுவதே சென்ட் கணக்கில்தான். ஆகவே அளந்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்; இதில் தயவுதாட்சண்யம் பார்க்காதீர்கள்.

1. காகிதங்களைச் சேருங்கள்

விற்பவரிடம் பிரமாணத்தின் (கிரயப் பத்திரத்தின்) நகலையும் முன் பிரமாணங்களையும் கேட்டு வாங்குங்கள். வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் தெரிந்தால் பட்டா, அ-பதிவேடு (கிராமத்து நிலங்களின் அரசுப் பதிவேடு), புல வரைபடம் (எஃப்.எம்.பி.) மூன்றையும் அரசு இணையதளத்தில் நீங்களே எடுக்கலாம். வில்லங்கச் சான்றுக்குப் பதிவுத்துறை தளம்.

இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-இல்தான். அதனால் திருவிதாங்கூர் காலத்து மூலப் பிரமாணம் மலையாளத்தில், கொல்லம் ஆண்டு போட்டு இருக்கலாம். ஆங்கில ஆண்டு தெரிய, கொல்லம் ஆண்டோடு 825 கூட்டுங்கள். ஆவணி முதல் டிசம்பர் வரையிலான தேதி என்றால் 824. பழைய சர்வே எண்ணும் ரீசர்வே (மறு அளவை) எண்ணும் வேறு வேறாக இருக்கும். இரண்டும் ஒரே நிலம்தானா என்று தாலுகா அலுவலக நில அளவைப் பிரிவில் உறுதி செய்யாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

2. கணக்கை ஒப்பிடுங்கள்

பிரமாணத்தில் சென்ட் இருக்கும், பட்டாவில் ஹெக்டேர்-ஏர் இருக்கும். 1 சென்ட் 435.6 சதுர அடி. 1 ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். பத்து சென்ட் என்று விற்கும் இடத்துக்குப் பட்டாவில் 4.05 ஏர் வர வேண்டும். 3.80 என்று இருந்தால் அது 9.39 சென்ட்தான்.

கூட்டுப் பட்டாவா என்றும் பாருங்கள். அண்ணன் தம்பிகள் வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்ட கோடு புல வரைபடத்தில் இருக்காது. இல்லாத கோட்டை அளவரால் காட்ட முடியாது. விற்பவரே முதலில் உட்பிரிவு செய்து தரட்டும்.

3. வரைபடத்தோடு சுற்றி நடங்கள்

கையாலை, பூவரசு வேலி, மதில் எதுவும் எல்லை ஆகிவிடாது. வரைபடம் காட்டும் மூலைகளில் சர்வே கல் இருக்கிறதா என்று தேடுங்கள். ரப்பர் விளையில் கல் சருகுக்கும் மண்ணுக்கும் அடியில் கிடக்கும். நமக்கு இரண்டு மழைக்காலம்; ஜனவரி முதல் மார்ச் வரை இந்த வேலைக்குத் தோதான நேரம். பக்கத்தில் குளமோ சானலோ இருந்தால், அந்தப் புறம்போக்கின் எல்லை எங்கே முடிகிறது என்று தனியாகப் பாருங்கள்.

4. அளவைக்கு விண்ணப்பம்

பட்டாதாரர்தான் விண்ணப்பிக்க வேண்டும், வாங்கப்போகிற நீங்கள் அல்ல. இ-சேவை மையத்தில் கட்டணம் கட்டிப் பதிந்தால் அரசு அளவர் வருவார். ‘எதுக்கு அளக்கணும், எல்லாம் சரியாத்தான் இருக்கு’ என்று விற்பவர் தட்டிக்கழித்தால், அந்த இடத்தை விட்டுவிடலாம் என்பேன். உரிமம் பெற்ற தனியார் அளவர் சீக்கிரம் வருவார்; ஆனால் எல்லையில் பிணக்கு உள்ள இடத்துக்கு அரசு அளவையே கேளுங்கள்.

5. அளக்கும் நாள்

பக்கத்து நிலத்துக்காரர்களை நீங்களே நேரில் போய் அழையுங்கள். நாளைக்கு அவர்கள்தான் உங்கள் அயல்வாசிகள்.

விளவங்கோடு, கல்குளம் பக்கத்து மேடுபள்ளத்தில் ஒன்றைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். நாடாவை மண்ணோடு ஒட்டிச் சரிவாகப் பிடித்தால் அளவு கூடித் தெரியும். 20 டிகிரி சரிவில் 20 மீட்டர் என்று வருவது, கிடைமட்டத்தில் 18.8 மீட்டர்தான். அகலமும் 20 மீட்டர் என்றால் 24 சதுர மீட்டர் குறைகிறது: அரை சென்ட்டுக்கு மேல். ஆவணக் கணக்கு எல்லாம் கிடைமட்டம்தான். எனவே நாடாவை மட்டமாகப் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு, துண்டு துண்டாக அளக்கச் சொல்லுங்கள். டோட்டல் ஸ்டேஷன் கருவி என்றால் அதுவே கிடைமட்டத் தூரத்தைக் கணக்கிட்டுத் தரும்.

கல் நட்டதும் ஒவ்வொரு மூலையையும் போட்டோ எடுங்கள்.

6. வழியையும் அளங்கள்

உள்ளே தள்ளி இருக்கிற வீட்டுக்கு இது உயிர்நாடி. தலைமுறையாக நடக்கிறோம் என்ற பேச்சு போதாது. வழி யார் பட்டாவில் இருக்கிறது, பிரமாணத்தில் எத்தனை அடி அகலம் எழுதியிருக்கிறது, அங்கே உண்மையில் எத்தனை அடி இருக்கிறது என்று மூன்றையும் பாருங்கள். நடைவழி உரிமை மட்டும் இருந்தால் ஆட்டோ உள்ளே வர அயல்வாசி மறுக்கலாம்.

7. அளவு குறைந்தால்

அளந்து கிடைத்த சென்ட்டுக்கு மட்டும் விலை பேசுங்கள். புதிய அளவையும் நான்கு எல்லைகளையும் வழியின் அகலத்தையும் கிரய ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அதே வாசகம் பிரமாணத்திலும் வர வேண்டும். அளவர் தந்த வரைபடத்தையும் அதோடு இணையுங்கள். பதிவு முடிந்ததும் பட்டா உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா என்று இணையதளத்தில் பாருங்கள்; மாறாவிட்டால் உடனே விண்ணப்பியுங்கள்.