பிரேக் சத்தம் எப்போது வருகிறது?
மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற ஸ்போர்ட்ஸ் காரில் பிரேக் கீச்சிட்டால் உடனே பேட் (பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கில் அழுந்தும் கட்டை) மாற்ற ஓடாதீர்கள். சத்தம் எப்போது வருகிறது என்று முதலில் கவனியுங்கள். மழைக்கு மறுநாள் காலையில் மட்டும் உரசினால் அது டிஸ்க்கில், அதாவது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டில், படிந்த மேல் துரு. நாலைந்து முறை பிரேக் பிடித்தால் போய்விடும். ஓடும்போது கீச்சிட்டு, பெடலை மிதித்ததும் நின்றால், பெரும்பாலும் பேட் தேய்ந்து எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கைத் தொடுகிறது. திடீரென்று தொடங்கிய கரகர சத்தமா? டிஸ்க்குக்குப் பின்னால் உள்ள தகட்டில் சிறு கல் சிக்கியிருக்கலாம். மெதுவாக ரிவர்ஸ் எடுத்தாலே சில நேரம் விழுந்துவிடும். அப்புறம், ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சூடேறினால் காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) நகர உதவும் பின் (pin) இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தைத் தொடாமல் கையை அருகில் கொண்டுபோனாலே சூடு தெரியும். இரும்போடு இரும்பு அரைக்கும் சத்தம் கேட்டால் மட்டும் தயவுசெய்து வண்டியை எடுக்காதீர்கள்.