‘இன்ஸ்பிரேஷன்’ பக்கத்தை நிரப்பும் முன்: பின்னலாடை வடிவமைப்பு மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பின்னலாடை வடிவமைப்பு படிக்கும் மாணவர்களின் போர்ட்ஃபோலியோவைத் திறந்தால், இரண்டாம் பக்கமான ‘இன்ஸ்பிரேஷன்’ பக்கத்திலேயே ஓவியர்கள் வரிசைகட்டி நிற்பார்கள். மோந்த்ரியான், கிளிம்ட், வான்கோ, ஃப்ரீடா காலோ. அடுத்த பக்கத்தில் அதே ஓவியங்கள் டி-ஷர்ட்டின் மார்பில் அச்சாகியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று வைவாவில் கேட்டால் மௌனம்தான். ஓவியத்தைத் துணியில் ஏற்றுவது பிரின்டிங் யூனிட்டின் வேலை. அதற்கு வடிவமைப்புப் பட்டம் எதற்கு?

முதல் தவறு இதுதான். மற்றவை பெரும்பாலும் இதன் கிளைகள். கறுப்புக் கோடுகளும் வண்ணக் கட்டங்களுமாக வரைந்த மோந்த்ரியானையே எடுத்துக்கொள்வோம். 1965-இல் பிரெஞ்சு வடிவமைப்பாளர் இவ் சான் லோரான் அவருடைய ஓவியங்களைக் கொண்டு செய்த உடைகளைப் படத்தில் பார்த்தவர்கள், அச்சடித்த துணி என்றே நினைக்கிறார்கள். அது கம்பளி ஜெர்சி எனும் பின்னல் துணி. ஒவ்வொரு வண்ணக் கட்டமும் தனித்துண்டாக வெட்டி இணைக்கப்பட்டது. உடலின் வளைவுக்கு ஏற்ப வடிவம் கொடுக்கும் வேலை முழுவதும் கட்டங்கள் சேரும் தையல்களுக்குள் ஒளிந்திருப்பதால், துணி தட்டையாகத் தொங்குவதுபோலத் தெரிகிறது. ஓவியத்தின் கோட்டுக்கு உடையில் ஒரு வேலை கிடைத்துவிட்டது. ‘தாக்கம்’ என்று எழுதத் தகுந்த இடம் அது.

அடுத்தது, புகழ்பெற்ற ஓவியர்களை மட்டுமே முன்னோடிகளாகக் காட்டுவது. பாரிஸ் வடிவமைப்பாளர் எல்சா ஸ்கியாபரெல்லியின் 1927 ஸ்வெட்டரைச் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் ‘சர்ரியலிசம், சால்வடோர் டாலி’ என்று எழுதிவிடுகிறார்கள். ஓவியர் டாலியோடு சேர்ந்து அவர் சிங்கி இறால் படம் போட்ட உடையைச் செய்தது 1937-இல், பத்து ஆண்டுகளுக்குப் பின்னால். கறுப்பு ஸ்வெட்டரில் வெள்ளை முடிச்சு ஒன்று கட்டியிருப்பதுபோல் கண்ணை ஏமாற்றும் அந்த வேலைப்பாட்டைப் பின்னிக் கொடுத்தவர் பாரிஸில் வாழ்ந்த ஓர் ஆர்மீனியப் பெண். பின்புறம் ஓடும் வெள்ளை நூல் இடையிடையே முன்பக்கம் எட்டிப் பார்க்கும். கறுப்பு முழுவதும் மெல்லிய வெண்பொட்டுகள் தெரியும். ஸ்வெட்டர் தொய்யாமல் நின்றதற்கும் அந்தப் பின்னல் முறையே காரணம். நெசவுக் கலைஞர் அன்னி ஆல்பர்ஸும் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் படித்தவர், ஓவியர் பால் கிளேயிடம் கற்றவர். ஆனால் 1965-இல் வெளியான தன் நெசவு நூலை அவர் காணிக்கையாக்கியது பண்டைய பெரு நாட்டு நெசவாளர்களுக்கு. அவர்களையே தன் பேராசான்கள் என்றார்.

தொழில்நுட்பத்தில் தடுக்கி விழும் இடங்கள் வேறு. சதுரக் கட்டத் தாளில் ஓவியத்தைக் கட்டத்துக்கு ஒரு கண்ணியாக (பின்னலின் நூல் வளையம்) வரைவது அவற்றில் முக்கியமானது. பின்னல் கண்ணி சதுரமாக இருப்பதில்லை, உயரத்தைவிட அகலம் கூடுதல். உங்கள் ஸ்வாட்ச்சில் (சோதனைக்குப் பின்னும் மாதிரித் துண்டு) ஓர் அங்குல அகலத்துக்கு 5 கண்ணி, ஓர் அங்குல உயரத்துக்கு 7 வரிசை என்று வையுங்கள். தாளில் 35 கட்ட அகலமும் 35 கட்ட உயரமுமாக வரைந்த வட்டம், பின்னி முடித்ததும் 7 அங்குல அகலமும் 5 அங்குல உயரமுமாக, படுக்கவைத்த முட்டைபோல் வந்து நிற்கும். வட்டம் வட்டமாக வர 49 வரிசை வேண்டும். ஆகவே முதலில் ஸ்வாட்ச், பிறகு கட்டம். கண்ணியின் விகிதத்துக்கு ஏற்ற கட்டத் தாளை நீங்களே தயாரித்துக்கொள்ளலாம்.

கோடுகளிலும் இதே கதை. பிரிட்டிஷ் ஓவியர் பிரிஜெட் ரைலியின் வண்ணக் கோட்டோவியங்களைப் பார்த்துவிட்டு, பத்து அங்குலத்துக்கு ஒருமுறை மறுபடி தொடங்கும் ஸ்ட்ரைப் ஒன்றை வரைந்துகொண்டு திருப்பூரில் நிட்டிங் யூனிட்டுக்குப் போனால், அங்கிருப்பவர் கேட்கும் முதல் கேள்வி “ஃபீடர் ஸ்ட்ரைப்பா, ஆட்டோ ஸ்ட்ரைப்பா?” என்பதுதான். சாதாரண சிங்கிள் ஜெர்சி வட்ட மெஷினில் ஊசிகளுக்கு நூல் ஊட்டும் ஒவ்வொரு ஃபீடரும் ஒரு சுற்றுக்கு ஒரு வரிசை பின்னும். 90 ஃபீடர் இருந்தால் 90 வரிசை. அங்குலத்துக்கு 45 வரிசை விழும் துணியில் அது இரண்டே அங்குலம். ரிப்பீட், அதாவது கோட்டு வரிசை மறுபடி தொடங்கும் அளவு, அதற்குள் அடங்கியாக வேண்டும், இல்லையேல் நூல் நிறத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ ஸ்ட்ரைப்பர் மெஷினைத் தேடிப் போக வேண்டும். இரண்டு அங்குலத்துக்குள் ரைலியின் நிறத்துடிப்பைக் கொண்டுவர முடிகிறதா என்று முயல்வதுதான் என்னைக் கேட்டால் சுவையான பயிற்சி.

நம் ஊர் மரபுக்கு வரும்போது சோம்பல் இன்னும் கூடிவிடுகிறது. கோலத்தைப் படமெடுத்து அப்படியே பிரின்ட் போடுகிறார்கள். சிக்குக் கோலத்தின் கோடு புள்ளிகளைச் சுற்றி வளைந்து, தன்னைத்தானே கடந்து, தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறது. கண்ணிகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கடத்திப் பின்னும் கேபிள் பின்னலுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எங்கே கிடைக்கும்? ஃப்ளாட் மெஷினில் ஒரு கையகல சாம்பிள் போட்டுப் பார்க்கலாமே!

நீலகிரித் தோடர்களின் பூத்தையலை எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, வரைபடம் இல்லாமல் இழைகளை எண்ணியே போடும் அந்த வேலை 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. எண்ணிக்கையில் அமைந்த வடிவம் என்பதால், கண்ணிக்குக் கண்ணி நிறம் மாற்றி உருவம் பின்னும் ஜாகார்டுக்கு மிக எளிதாக மாறும். அந்த எளிமைதான் ஆபத்து. ‘பழங்குடி மோட்டிஃப்’ என்று மொட்டையாக எழுதாமல் தோடர் என்று பெயர் சொல்லுங்கள். 2015-இல் மெக்சிகோவின் மிஹே மக்களுடைய சட்டை வேலைப்பாட்டை ஒத்த உடைக்காக பிரெஞ்சு வடிவமைப்பாளர் இசபெல் மராண்ட் பெரும் கண்டனத்தைச் சந்தித்தார். மாணவப் பருவத்துப் பழக்கமே பிறகு தொழிலிலும் தொடரும்.

கடைசியாக, திரையில் மட்டுமே துணியைப் பார்ப்பது. பின்டரெஸ்ட் படங்கள் முன்பக்கத்தை மட்டுமே காட்டும். திருப்பூரின் ஆடைச் சந்தையான காதர்பேட்டைக்குப் போய் ஜாகார்டு ஸ்வெட்டர் ஒன்றை எடுத்து உள்பக்கத்தைத் திருப்புங்கள். ஒரு வரிசையில் எத்தனை நிறம், பின்னால் தொங்கும் நூல் எவ்வளவு நீளம், விரல் மாட்டுமா, எத்தனை கண்ணிக்கு ஒருமுறை அதைப் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தின் ஃபேர் ஐல் பின்னலில் வழக்கமாக ஒரு வரிசைக்கு இரண்டே நிறம்தான், ஆடையில் எத்தனை நிறம் தெரிந்தாலும். அந்தக் குறிப்பையும் போர்ட்ஃபோலியோவின் இரண்டாம் பக்கத்தில் ஒட்டுங்கள், வான்கோவுக்கு மேலே இடம் கொடுத்து.