அடிக்கடி நீலத்திரை வருகிறதா? ஃபார்மேட் செய்வதற்கு முன் இதைப் பாருங்கள்

வேலை பாதியில் இருக்கும்போது திரை முழுக்க நீலமாகி, ஒரு சோக முகம் தோன்றி, கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. திரும்பி வந்ததும் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். இரண்டு நாள் கழித்து மறுபடி அதே கதை. கடைக்குக் கொண்டுபோனால், "ஃபார்மேட் அடிச்சிரலாம் சார்" என்பார்கள். என் அக்கா வீட்டு கம்ப்யூட்டருக்கு இரண்டு முறை அப்படிச் செய்தார்கள். இரண்டு முறையும் ஒரே வாரத்தில் நீலத்திரை திரும்பி வந்தது. பிள்ளைகளின் பழைய போட்டோக்கள் போனதுதான் மிச்சம்.

பழுது உண்மையில் ஒரு ரேமில் (ஓடும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகத்தில்) இருந்தது. விண்டோஸை எத்தனை முறை புதிதாகப் போட்டாலும் ரேம் சரியாகாது. முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதில் பாதி வேலையை நீங்களே வீட்டில் செய்யலாம்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. முக்கியமான ஃபைல்களை இன்றே ஒரு வெளி ஹார்டு டிஸ்கிலோ பென் டிரைவிலோ காப்பி எடுத்துவிடுங்கள். பழுது டிஸ்கில் இருந்தால் நாளைக்கு அது திறக்காமல் போகலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரவுசரில் ஏதோ ஒரு பக்கம் திறந்து நீலத்திரை போல வந்து, "இந்த எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள்" என்று சொன்னால் அது மோசடி. உண்மையான நீலத்திரையில் போன் நம்பர் இருக்காது. பிரவுசரை மூடுங்கள், யாருக்கும் போன் செய்யாதீர்கள்.

முதல் வேலை: திரையை நிற்க வைப்பது

நீலத்திரை சில நொடிகளில் மறைந்துவிடுவதால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பலர் படிப்பதே இல்லை. ஸ்டார்ட் மெனுவில் 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தேடித் திறந்து, 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி' பகுதியில் உள்ள செட்டிங்ஸ் பட்டனை அழுத்துங்கள். 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதற்கு முன்னால் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அதே பெட்டியின் கீழே, 'ஸ்மால் மெமரி டம்ப்' என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். இனி கிராஷ் ஆனால் நீங்களாக அணைக்கும்வரை திரை அப்படியே நிற்கும். ஒவ்வொரு கிராஷுக்கும் ஒரு சிறிய பதிவு, சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற ஃபோல்டரில் சேரும்.

திரையில் 'ஸ்டாப் கோடு' என்று ஒரு வரி இருக்கும். அதுதான் வேண்டும். செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். (2025 முதல் விண்டோஸ் 11-இல் இந்தத் திரை கறுப்பாக மாறிவிட்டது. சோக முகமும் போய்விட்டது. ஸ்டாப் கோடு மட்டும் அப்படியே இருக்கிறது.)

அப்புறம் ஒரு நோட்டு எடுங்கள். தேதி, நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், ஸ்டாப் கோடு, இந்த நான்கும் போதும். அக்காவையும் அப்படித்தான் எழுதச் சொன்னேன். ஒன்பது நாளில் நான்கு பதிவுகள். முதல் முறை வீடியோ பார்க்கும்போது 'மெமரி மேனேஜ்மென்ட்'. அடுத்தது ஒன்றுமே செய்யாமல் சும்மா இருந்தபோது 'ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்'. பிறகு 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா'. கடைசியாக 'சிஸ்டம் சர்வீஸ் எக்ஸெப்ஷன்'. நோட்டைப் பார்த்ததுமே எனக்கு ரேம் மீதுதான் சந்தேகம் போனது.

நோட்டு என்ன சொல்கிறது?

ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஸ்டாப் கோடு, செய்துகொண்டிருந்த வேலையும் வேறு வேறு என்றால் முதல் சந்தேகம் ரேம். ரேமின் ஒரு மூலை பழுதானால் அந்த இடத்தில் அந்த நேரம் எது உட்கார்ந்திருக்கிறதோ அது கெடும். இன்று பிரவுசர், நாளைக்கு பிரின்டர் டிரைவர் (பிரின்டரை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்). அதனால்தான் கோடு மாறிக்கொண்டே இருக்கிறது.

எப்போதும் ஒரே கோடு, அதுவும் ஒரே வேலை செய்யும்போது என்றால் பெரும்பாலும் டிரைவர். கேம் விளையாடும்போது மட்டும் 'வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்' வந்தால் கிராஃபிக்ஸ் பக்கம் பாருங்கள். டபிள்யூஎச்இஏ என்று தொடங்கும் கோடு, பிராசசர், சூடு, மின்சாரம் போன்ற ஹார்டுவேர் சங்கதி. நீலத்திரையே வராமல் சட்டென்று அணைந்துபோனால் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) அல்லது சூடு.

விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்ப்பவர்கள் 'கர்னல் பவர் 41' என்ற வரியைக் கண்டு பவர் சப்ளையை மாற்றப் போய்விடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். கம்ப்யூட்டர் முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. ஏன் என்று சொல்வதில்லை.

ரேமைச் சோதிப்பது

கம்ப்யூட்டர் கேமிங்குக்காக வாங்கியது என்றால், பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் செட்டிங்ஸ் திரையில்) எக்ஸ்எம்பி என்ற வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும். அதை ஆஃப் செய்ததும் கிராஷ் நின்றுபோன கம்ப்யூட்டர்கள் உண்டு.

விண்டோஸிலேயே ஒரு சோதனை இருக்கிறது. ஸ்டார்ட்டில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று தேடினால் வரும். ஆனால் சில பழுதுகளை அது தவறவிடும். எனக்கு நம்பிக்கை மெம்டெஸ்ட்86 பிளஸ் மீதுதான். இலவசம். பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, இரவு படுக்கப் போகும்போது ஓடவிடுங்கள். அக்கா வீட்டில் காலையில் போய்ப் பார்த்தபோது திரையில் சிவப்பு வரிகள் வரிசையாக நின்றன. ஒரே ஒரு வரி சிவப்பாக வந்தாலும் போதும், அது பிழைதான். ரேமில் 'கொஞ்சம் பரவாயில்லை' என்பதே கிடையாது.

எந்த ரேம் என்று கண்டுபிடிக்க, பவர் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். கேஸின் வெறும் உலோகத்தை ஒரு முறை தொட்டுவிட்டு, இரண்டு பக்கக் கிளிப்பையும் திறந்து ரேமை நேராக மேலே எடுங்கள். பல நேரங்களில் பழுது ரேமில் இருக்காது, தங்க நிறப் பற்களில் படிந்த அழுக்கில் இருக்கும். மென்மையான ரப்பரால் இலேசாகத் துடைத்து, தூளை ஊதாமல் தூரிகையால் தட்டிவிடுங்கள். ஊதினால் எச்சில் ஈரம் படும். திரும்பச் செருகும்போது 'டக்' என்று கிளிப் பூட்டும் சத்தம் கேட்க வேண்டும்.

ஒவ்வொரு ரேமாகப் போட்டு அதே சோதனையை ஓட்டுங்கள். அக்கா கம்ப்யூட்டரில் 8 ஜிபி சுத்தமாக இருந்தது, பிறகு சேர்த்த 4 ஜிபிதான் பிழை காட்டியது. அதையே இன்னொரு ஸ்லாட்டில் மாற்றிப் போட்டும் பாருங்கள். எங்கே போட்டாலும் பிழை வந்தால் ரேம் பழுது. ஒரு ஸ்லாட்டில் மட்டும் எந்த ரேமைப் போட்டாலும் வந்தால் பெரும்பாலும் மதர்போர்டு பழுது. இந்தச் சின்ன வித்தியாசம் சில ஆயிரம் ரூபாய் செலவை மிச்சப்படுத்தும்.

டிரைவர் என்று தோன்றினால்

சாதாரண மென்பொருள் கெட்டால் அது மட்டும் மூடும். டிரைவர் விண்டோஸின் மையப்பகுதியான கர்னலுக்குள் ஓடுவதால், அது தடுக்கி விழுந்தால் விண்டோஸே தன்னை நிறுத்திக்கொள்ளும். அந்த நிறுத்தம்தான் நீலத்திரை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த தவறான ஓர் அப்டேட்டால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் இப்படி விழுந்தன. அவற்றின் ஹார்டுவேரில் ஒரு குறையும் இல்லை.

புளூஸ்கிரீன்வியூ என்ற இலவசக் கருவியைத் திறந்தால் மினிடம்ப் பதிவுகளைப் பட்டியலாகக் காட்டும். கீழ்ப் பாதியில் இளஞ்சிவப்பாகத் தெரியும் ஃபைல் பெயர்களைப் பாருங்கள். அதில் என்டிஓஎஸ்கேஆர்என்எல் என்று இருந்தால் அதைக் குற்றம் சொல்லாதீர்கள். அதுதான் கர்னல், ஏறக்குறைய எல்லாக் கிராஷிலும் அதன் பெயர் வரும். அதைத் தவிர வேறு பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா என்று தேடுங்கள். என்வி என்று தொடங்கினால் பெரும்பாலும் என்விடியா கிராஃபிக்ஸ், ஆர்டி என்றால் பெரும்பாலும் ரியல்டெக்கின் சவுண்ட் அல்லது நெட்வொர்க்.

டிவைஸ் மேனேஜரில் அந்தக் கருவியின் பிராப்பர்ட்டீஸுக்குப் போய், அண்மையில் அப்டேட் ஆகியிருந்தால் 'ரோல் பேக் டிரைவர்' கொடுங்கள். இல்லையென்றால் தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்து புதிதாக இறக்கிப் போடுங்கள். எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் பக்கம் போகவே போகாதீர்கள்.

டிஸ்கும் சூடும்

டிஸ்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற கருவியைப் போட்டுப் பாருங்கள். நீல நிறத்தில் 'குட்' என்றால் பெரும்பாலும் பயமில்லை. மஞ்சளில் 'காஷன்' என்றால் டிஸ்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது. மதிய வெயிலில் மட்டும் கிராஷ் வந்தால் ஃபேனில் தூசி அடைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் சுத்தமாக இருந்தால் விண்டோஸ் ஃபைல்களைச் சரிபார்க்கலாம். கமாண்ட் பிராம்ப்ட்டை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்து, ஆங்கில எழுத்தில் எஸ்எஃப்சி என்று அடித்து, ஓர் இடம் விட்டு, சாய்கோட்டுடன் சேர்த்து ஸ்கேன்நவ் என்று அடித்து (sfc /scannow) என்டர் தட்டுங்கள். கால் மணி நேரம் வரை எடுக்கலாம்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். ரேமை மாற்றி, டிரைவரையும் மாற்றி, அப்டேட்டும் போட்டுவிட்டால் எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது. ஒவ்வொரு மாற்றத்தையும் அதே நோட்டில் எழுதிவிட்டு, முன்பு கிராஷ் வந்துகொண்டிருந்த இடைவெளியைப் போல இரண்டு மடங்கு நாள் காத்திருங்கள்.

எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு இரண்டையும் மாற்றுப் பொருள் இல்லாமல் வீட்டில் உறுதிசெய்வது கஷ்டம். அங்கே வந்து நின்றால் கடைக்குப் போகத்தான் வேண்டும். அப்போது நோட்டையும் திரைப் படங்களையும் கையில் கொண்டுபோங்கள். ரேம் சோதித்தாகிவிட்டது, டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள். உங்களைக் கேட்காமல் ஃபார்மேட் செய்யக் கூடாது என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.