பசுமண் கலம் சூளையில் வேகும் விதம்

பெங்களூருவில் குயவர்கள் வாழும் பாட்டரி டவுனில் வனையும் அகல்விளக்கானாலும், நம் வீட்டு மின்சூளையில் வைக்கும் கோப்பையானாலும், மண் வேகும் வரிசை ஒன்றுதான். அந்த வரிசையை அறிந்து பொறுமையாகச் சூடேற்றினால் கலம் உடையாது.

முதலில் கலத்தை நிழலில் ஒரு வாரம் காய வையுங்கள். மழைக்காலத்தில் இன்னும் சில நாட்கள் பிடிக்கும். அடிப்பாகத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. சென்ற ஆடிச் சாரலில் இதைப் பார்க்காமல் நான் ஏற்றிய கோப்பை வெடித்து, அதன் சில்லுகள் பக்கத்திலிருந்த இரண்டு தட்டுகளையும் உடைத்துவிட்டன.

அடுத்தது முதல் சுடுதல். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள நம் பெங்களூருவில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், 90 டிகிரியில் இரண்டு மணி நேரம் நிறுத்துங்கள். சூளையின் காற்றுத் துளைக்கு எதிரே சிறு கண்ணாடியைப் பிடித்து, அதில் ஆவி படியாமல் இருந்தால் மட்டும் மணிக்கு 100 டிகிரி வீதம் ஏற்றுங்கள். ஏறத்தாழ 450 முதல் 600 டிகிரிக்குள், களிமண்ணின் அணுக்களோடு பிணைந்திருந்த நீரும் வெளியேறிவிடுகிறது. அதற்கு முன்பு வாளித் தண்ணீரில் போட்டால் கரைந்து மீண்டும் களிமண்ணாகும் கலம், அதற்குப் பின் எத்தனை நாள் ஊறினாலும் கரையாது. இந்த இடைவெளியில், 573 டிகிரியில், மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் திடீரென விரிவதால் அவசரம் கூடவே கூடாது. வேர், இலைத் துணுக்குகள் எரிந்து தீரக் காற்று வேண்டும் என்பதால் 900 டிகிரி வரை துளையை அடைக்காமல், 1000 டிகிரியில் சூளையை அணையுங்கள்.

இப்படி வெந்த கலம் உதட்டில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும்; அவ்வளவு நுண்துளைகள் அதில் உண்டு. அடுத்தது இரண்டாம் சுடுதல். சூட்டில் உருகிக் கண்ணாடிப் பூச்சாகும் கிளேஸ் கரைசலில் மூன்று விநாடி முக்கி எடுத்து, அடிப்பாகத்தை ஈரப் பஞ்சால் நன்கு துடைத்துவிட்டு, கலங்கள் ஒன்றையொன்று தொடாதபடி அடுக்குங்கள். அதிகச் சூட்டில் கெட்டியாக வேகும் ஸ்டோன்வேர் மண்ணை ஏறத்தாழ 1220 டிகிரிக்கு ஏற்றும்போது அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் உருகி, கண்ணாடியாகி, துளைகளை நிரப்புகிறது, கலமும் சுருங்குகிறது. ஏரிச் செம்மண்ணை அந்தச் சூட்டுக்கு ஒருபோதும் கொண்டுபோகாதீர்கள். அது இளகிச் சூளைப் பலகையில் ஒட்டிவிடும்.

சூளை 100 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை திறக்காதீர்கள். பிறகு கோப்பையில் தண்ணீர் நிரப்பி, தினத்தாளின் மேல் இரவு முழுவதும் வையுங்கள். காலையில் தாள் நனைந்திருந்தால் மண் முழுதாக வேகவில்லை. மண்ணுக்கும் கிளேஸுக்கும் சொல்லப்பட்ட எல்லைக்குள், அடுத்த முறை 10 டிகிரி கூட்டிச் சுடுங்கள்.