சபையில் சிறு குழு ஊழியத்தை நடத்தும் முறை

சிறு குழுக்களைத் தொடங்க விரும்பும் சபை, கூடிவர வீடுகளைத் தேடுவதற்கு முன் தலைவர்களை ஆயத்தப்படுத்த வேண்டும். மக்களின் வழக்குகளைத் தனியாகவே விசாரித்துவந்த மோசேயின் பாரத்தைக் கண்ட அவருடைய மாமனார் எத்திரோ, பத்துப் பேருக்கு ஒருவர் என்ற அளவுவரை பொறுப்பைப் பகிர்ந்தளிக்கச் சொன்னதை யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், மெதடிஸ்ட் இயக்கத்தின் தலைவரான ஜான் வெஸ்லியின் சங்கத்தார் ஏறத்தாழ 12 பேர் கொண்ட வகுப்புகளாகப் பிரிந்தது, கட்டடக் கடனுக்காக வாரந்தோறும் காசு சேர்க்கும் ஏற்பாடாகத் தொடங்கி, ஒவ்வொருவருடைய ஆத்தும நிலையையும் விசாரிக்கும் ஐக்கியமாக வளர்ந்தது.

குழுத் தலைவர் இன்னொரு பிரசங்கம் செய்யக் கூடாது. இதையே நான் முதன்மையாக வலியுறுத்துவேன். ஒரு வேதபகுதியை வாசித்து, அது கடவுளைப் பற்றி என்ன சொல்கிறது, இந்த வாரம் நாம் எதற்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று கேட்டுவிட்டு, மௌனம் நீடித்தாலும் தாமே பதில் சொல்லாமல் காத்திருந்தால், பேசத் தயங்குகிறவர்களும் வாய் திறப்பார்கள்.

குழுவில் பகிர்ந்த வேதனைகள், ஜெபக் குறிப்பு என்ற பெயரிலும் வெளியே போகக் கூடாது. ஆனால் ஒரு குழந்தைக்கோ ஒருவரது உயிருக்கோ ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால், அதை மறைக்காமல் போதகருக்கும் உரிய அதிகாரிகளுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும் என்பதை முதல் கூடுகையிலேயே அனைவருக்கும் சொல்லிவிடுங்கள்.

போதகர் மாதம் ஒருமுறையாவது தலைவர்களைச் சந்தித்து அவர்களுக்காக ஜெபிக்கட்டும். ஒவ்வொரு தலைவரும் தொடக்கத்திலிருந்தே ஓர் உதவியாளரைப் பழக்கிவந்தால், குழு பெருகிப் பிரியும் நாளில் புதிய தலைவரைத் தேட வேண்டியிராது.