பழைய வேனின் பவர் ஸ்டியரிங்: பம்ப்பை மாற்றச் சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்பக்கத்திலிருந்து ஊளையிடுவது போன்ற சத்தம் வந்தால், 'பம்ப் போய்விட்டது' என்று உடனே தீர்ப்பு எழுதிவிடும் வழக்கம் நம் பகுதிப் பட்டறைகளில் அதிகம். பம்ப்தான் இந்த அமைப்பில் விலை கூடிய பாகங்களுள் ஒன்று. ஆனால் அந்தச் சத்தத்திற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது குறைந்துபோன ஆயிலோ, ஆயிலோடு கலந்துவிட்ட காற்றோதான். அதைக் கண்டுகொள்ளாமல் மாதக்கணக்கில் ஓட்டினால் பம்ப் உண்மையாகவே தேய்ந்துபோகும். காரணத்தைச் சரிசெய்யாமல் புதிய பம்ப்பைப் பொருத்தினாலோ, அதுவும் அதே வழியில் கெடும். ஆகவே ஆயில், ஹோஸ், பெல்ட், டயர், மூட்டுகள் ஆகியவற்றைப் பார்த்து முடித்த பிறகே பம்ப்புக்கும், திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் ஸ்டியரிங் பாக்ஸுக்கும் போக வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் எஞ்சின் பெல்ட்டால் சுழலும் பம்ப்பைக் கொண்ட , ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் வகைக்கே பொருந்தும். மோட்டாரால் இயங்கும் மின்சார ஸ்டியரிங்கில் ஆயில் கிடையாது. அதற்கான சோதனை முறை வேறு. ஹைட்ராலிக் வகையில் ஆயில் டப்பாவிலிருந்து ஆயிலை உறிஞ்சும் பம்ப், அதை அதிக அழுத்தத்தில் ஸ்டியரிங் பாக்ஸுக்கு அனுப்புகிறது. நாம் எந்தப் பக்கம் திருப்புகிறோமோ, அதற்கேற்ப உள்ளே உள்ள வால்வு திறந்து ஆயிலை பிஸ்டனின் ஒரு பக்கத்துக்குத் தள்ளுவதால் சக்கரம் இலகுவாகத் திரும்புகிறது. வேலை முடிந்த ஆயில் ரிட்டர்ன் ஹோஸ் வழியாக டப்பாவுக்கே திரும்பிவிடும். அழுத்தம் எல்லை மீறினால் ஆயிலை உள்ளுக்குள்ளேயே திருப்பிவிட பம்ப்பில் ஒரு ரிலீஃப் வால்வு இருக்கிறது. ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்துப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது இந்த வால்வுதான் திறந்து நிற்கிறது. அதே ஆயில் பம்ப்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் கொதிப்பதால், முழு ஒடிப்பில் ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது.

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் பகுதிகளில் ஓடும் வேன்களுக்கு இந்த ஒரு பழக்கமே பெரிய பகை. பௌர்ணமி தோறும் திருவண்ணாமலைக் கூட்டத்தில் அங்குலம் அங்குலமாக நகர்ந்து, நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பும் வண்டியும், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை ஆள் நிரப்பிக்கொண்டு ஏறும் வண்டியும் சாதாரண நெடுஞ்சாலை வண்டியைவிட அதிகமாக ஆயிலைச் சுட வைக்கின்றன. அக்னி நட்சத்திரத்தில் வெளி வெப்பமே 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. சூடேறிய ஆயில் தன் வழவழப்பை இழந்து, ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல்களையும் விறைப்பாக்கிவிடும். சக்கரம் சற்றேனும் உருளத் தொடங்கிய பிறகு திருப்பும்படி ஓட்டுநரிடம் சொல்லி வைப்பதற்குச் செலவே இல்லை. அதைவிட நல்ல பராமரிப்பும் இல்லை.

ஆயில் அளவை மாதம் ஒரு முறையாவது, வண்டி சமதளத்தில் நிற்கும்போது பார்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது ஒரு கோடும் ஆறியிருக்கும்போது ஒரு கோடும் டப்பாவிலோ மூடியின் அளவுகோலிலோ இருக்கும். மூடியைத் திறப்பதற்கு முன் சுற்றிலும் உள்ள தூசியைத் துடைத்துவிட வேண்டும். உள்ளே விழும் மணல் துகள் ஒன்று பம்ப்புக்குள் சுழலும் தகடுகளைக் கீறப் போதுமானது. அளவோடு நிறுத்தாமல், ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விட்டுப் பார்ப்பது நல்லது. பெரும்பாலான பழைய வேன்களில் ஊற்றப்படும் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஆயில்) வகை ஆயில் புதிதில் தெளிந்த சிவப்பாக இருக்கும். அது பழுப்பாகி, தீய்ந்த வாடை வந்தால் மாற்றும் காலம் கடந்துவிட்டது என்று பொருள். வெள்ளித்தூள் போல மின்னினால் உள்ளே உலோகம் தேய்கிறது. நுரைத்தோ, இளஞ்சிவப்புப் பால் போலவோ இருந்தால் காற்று கலந்திருக்கிறது. எந்த வகை ஆயில் என்பதை வண்டியின் கையேட்டிலோ டப்பா மூடியிலோ பார்த்தே வாங்க வேண்டும். அவசரத்துக்கு என்று பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல்கள் ஊறிப் பருத்து அமைப்பு முழுவதும் கெட்டுவிடும்.

ஆயில் தானாகக் குறைவதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது. பழைய வண்டியின் அடிப்பக்கம் முழுவதும் ஆயிலும் புழுதியும் சேர்ந்து அப்பியிருப்பதால், கசிவு தொடங்கும் இடத்தை வெறும் பார்வையால் சொல்ல முடியாது. பம்ப், ஹோஸ் முனைகள், ஸ்டியரிங் பாக்ஸ் ஆகியவற்றை நன்றாகத் துடைத்து உலரவிட்டு, முகப் பவுடரை லேசாகத் தூவி, எஞ்சினை ஓடவிட்டு ஸ்டியரிங்கைச் சில முறை இருபுறமும் திருப்பச் செய்து, எஞ்சினை நிறுத்திய பின் பார்த்தால், முதலில் ஈரமாகும் இடம் பளிச்சென்று தெரியும். ஆயில் கீழ்நோக்கி வழியும் என்பதால், நனைந்த இடங்களுள் மிக உயரமானதுதான் கசிவின் மூலம். பம்ப்பின் அடியில் சொட்டுகிறது என்பதற்காகப் பம்ப்பைக் குறை சொல்ல முடியாது. மேலே உள்ள ஹோஸ் இணைப்பின் செம்பு வாஷர் நைந்திருக்கலாம். எஞ்சின் ஓடும்போது ஹோஸைக் கையால் தடவிக் கசிவைத் தேடவே கூடாது. ஊசித் துளை வழியாகப் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடியது. ஓர் அட்டையைப் பிடித்துப் பார்த்தால் போதும்.

வெளியில் ஒரு சொட்டுக் கசிவும் இல்லை, ஆனாலும் நுரையும் ஊளைச் சத்தமும் இருக்கின்றன என்றால், டப்பாவிலிருந்து பம்ப்புக்கு வரும் உறிஞ்சு ஹோஸைத்தான் சந்தேகிக்க வேண்டும். அங்கே அழுத்தம் இல்லை, இழுவைதான் இருக்கிறது; அதனால் ஆயில் வெளியே வராமல் காற்று உள்ளே போகிறது. ஹோஸ் முனை கல்லாக இறுகி, கிளாம்ப் எவ்வளவு முறுக்கியும் பிடிக்காமல் இருக்கும். முனையை அரை அங்குலம் வெட்டிவிட்டு மாட்டுவது சில வாரங்களுக்குத் தாங்கும். புது ஹோஸ் போடுவதே முறை. அதற்கு ரேடியேட்டர் ஹோஸ் துண்டைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீருக்கான ரப்பர் ஆயிலில் ஊறி உப்பி, உள்பக்கம் உரிந்து, அந்தத் துணுக்குகள் வால்வுக்குள் போய் அடைக்கும். ஆயில் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்க வேண்டும். பம்ப்பிலிருந்து பாக்ஸுக்குப் போகும் அழுத்த ஹோஸில் இந்த வித்தை எதுவும் செல்லாது; அதன் முனைகள் எந்திரத்தால் நசுக்கிப் பொருத்தப்பட்டவை. வெட்டி, கிளாம்ப் போட்டு ஒட்டவைத்தால் மலை வளைவில் பிய்த்துக்கொள்ளும்.

பெல்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சினை நிறுத்தி, நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் இறங்கலாம். முழு ஒடிப்பில் கிறீச்சிட்டால் தளர்ந்திருக்கிறது அல்லது ஆயில் பட்டுப் பளபளத்துவிட்டது. ஆயில் குடித்த பெல்ட்டைத் துடைத்துப் பயனில்லை, மாற்றியே ஆக வேண்டும். புது பெல்ட் சில நூறு கிலோமீட்டரில் சற்று நீளும் என்பதால் மறுபடி இறுக்க வேண்டும்.

ஸ்டியரிங் கனமாக இருப்பதற்கு ஹைட்ராலிக்குக்குத் தொடர்பே இல்லாத காரணங்களும் உண்டு. முன் டயர்களில் காற்றைச் சரிபார்த்த பின், முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, எஞ்சினை ஓட்டாமல் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அப்போதும் ஓரிடத்தில் பிடிக்கிறது என்றால் முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னில் கிரீஸ் இல்லாததோ, இறுகிய பால் ஜாயின்ட்டோ (குண்டு மூட்டு), ஸ்டியரிங் தண்டில் துருவேறிய சிலுவை மூட்டோ காரணமாக இருக்கலாம். ஒருவர் ஸ்டியரிங்கைச் சிறிது சிறிதாக ஆட்ட, மற்றவர் கீழே, சக்கரங்களைத் திருப்பும் கம்பியான டை ராடின் முனைகளில் கை வைத்தால், எந்த மூட்டில் ஆட்டம் இருக்கிறது என்பது விரலுக்கே தெரியும்.

ஆயில் மாற்றுவதற்கும் வண்டி இதே நிலையில் இருந்தால் வசதி. கைவசம் இரண்டு லிட்டர் புதிய ஆயில் இருக்கட்டும். ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி ஒரு காலி பாட்டிலுக்குள் விட்டு, டப்பாவில் அது மாட்டியிருந்த குழலை ரப்பர் மூடியால் அடைக்க வேண்டும். சாவியைத் திருப்பி ஸ்டியரிங் பூட்டை விடுவித்து, எஞ்சினை ஓட்டாமலேயே ஒருவர் ஸ்டியரிங்கை மெல்ல இருபுறமும் கடைசி வரை திருப்ப, மற்றவர் டப்பா காலியாகாதபடி புதிய ஆயிலை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுச் செய்தால் விரைவில் முடியும் என்பார்கள். ஆனால் சில விநாடிகளில் டப்பா வறண்டு பம்ப் காற்றை விழுங்கிவிடும். பாட்டிலில் கருப்பு மறைந்து சிவப்பு வரும்போது நிறுத்தலாம். சில டப்பாக்களுக்குள் வலை வடிகட்டி இருக்கும், சிலவற்றில் தனியாக மாற்றக்கூடிய ஃபில்டரே இருக்கும். புதிய ஆயிலை ஊற்றத் தொடங்குவதற்கு முன்பே அதைக் கவனித்துவிட வேண்டும். பழைய ஆயிலைக் கழிவு ஆயில் எடுப்பவரிடம் கொடுக்க வேண்டும், கால்வாயில் ஊற்றக் கூடாது.

அடுத்து காற்றை வெளியேற்ற வேண்டும். இதில் பொறுமை இல்லாதவர்கள்தான் நல்ல பம்ப்பைக் குறை சொல்கிறார்கள். ஹோஸை மாட்டி, டப்பாவைக் குளிர் கோடு வரை நிரப்பி, எஞ்சின் ஓடாமல் பதினைந்து முறையாவது மெதுவாக இருபுறமும் திருப்ப வேண்டும். குறையக் குறைய ஊற்ற வேண்டும். சற்று நேரம் விட்டு, எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டு மறுபடி திருப்ப வேண்டும், ஆனால் கடைசியில் பிடித்து நிறுத்தக் கூடாது. பிறகு எஞ்சினை நிறுத்தும்போது டப்பாவில் கண் இருக்கட்டும். நிறுத்தியவுடன் ஆயில் மட்டம் கண்ணுக்குத் தெரிய மேலேறினால், அழுத்தத்தில் சுருங்கியிருந்த காற்று விரிகிறது. காற்று இன்னும் போகவில்லை. நுரை அடங்க அரை மணி நேரம் விட்டு மீண்டும் செய்ய வேண்டும்.

இவ்வளவுக்குப் பின்னும் கனம் குறையவில்லை என்றால், பம்ப்புக்கும் பாக்ஸுக்கும் நடுவில் பிரஷர் கேஜை மாட்டிச் சோதிக்கும் பட்டறைக்குப் போவது நல்லது. எஞ்சின் ஓடும்போது கேஜின் வால்வை ஐந்து விநாடிக்கு மிகாமல் மூடிப் பார்த்தால், கையேட்டில் உள்ள அழுத்தத்தைப் பம்ப் தருகிறதா என்பது தெரிந்துவிடும். தந்தால் குறை பாக்ஸில் இருக்கிறது, தராவிட்டால்தான் பம்ப். ஒரு பக்கம் மட்டும் கனமாக இருப்பது பெரும்பாலும் பாக்ஸின் வால்வையோ சீலையோ காட்டுகிறது. பாக்ஸின் அடியில், திருப்பத்தைக் கம்பிகளுக்குக் கடத்தும் கையான டிராப் ஆர்ம் மாட்டியிருக்கும் தண்டைச் சுற்றி ஒழுகினால், சீல் செட் போட்டே சரிசெய்யலாம். டிராப் ஆர்மைக் கழற்றும் முன் தண்டிலும் ஆர்மிலும் நேராக ஒரு அடையாளம் போட்டுக்கொண்டு, சுத்தியலால் அடிக்காமல் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) வைத்தே எடுக்க வேண்டும். தண்டு துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால் புது சீல் ஒரு மாதம்கூட நிற்காது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாக்ஸின் மேல் தெரியும் சரிசெய்யும் திருகை, ஆட்டத்தைக் குறைக்க என்று முறுக்கிவிடுவது பல இடங்களில் நடக்கிறது. மூட்டுகளில் உள்ள ஆட்டத்தை அந்தத் திருகு போக்காது. அளவுக்கு மீறி முறுக்கினால், வளைவில் திரும்பிய ஸ்டியரிங் தானாக நேர்நிலைக்குத் திரும்பாமல் அங்கேயே நின்றுவிடும். மலை இறக்கத்தில் அது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. மூட்டு எதையேனும் மாற்றியிருந்தால் வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டு, ஓரிரு நாள் உள்ளூரில் ஓட்டி, ஆயில் மட்டத்தையும் ஹோஸ் முனைகளையும் மறுபடி பார்த்த பிறகே வெளியூர்ச் சவாரிக்கு வண்டியைக் கொடுக்கலாம்.