முதல் ஆம்ப்ளிஃபயருக்கு உதிரிபாகம் வாங்குவது எப்படி? ஸ்பீக்கரிலிருந்து தொடங்குங்கள்

முதன்முதலாக ஆம்ப்ளிஃபயர் கட்டப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஐசியை (ஒலி சிக்னலைப் பெருக்கும் சில்லு) வாங்கிக்கொண்டு, அதற்கேற்ற டிரான்ஸ்பார்மரைத் தேடி அலைகிறார்கள். வீட்டில் இருக்கும் ஸ்பீக்கரைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். வரிசை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். ஸ்பீக்கரின் ஓம் தெரிந்தால் டிரான்ஸ்பார்மரின் வோல்ட் தெரியும். வோல்ட் தெரிந்தால் கெப்பாசிட்டர், டயோடு, ஐசியின் வெப்பத்தை வெளியேற்றும் ஹீட் சிங்க் எல்லாம் தாமாகவே முடிவாகிவிடும்.

எடுத்துக்காட்டுக்கு எல்எம்1875 என்ற ஐசியை வைத்து ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயருக்கான பட்டியலைப் போடுவோம். நேஷனல் செமிகண்டக்டர் வடிவமைத்தது. 2011இல் அந்த நிறுவனம் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வசம் வந்தது. ஐந்தே கால்கள், கையால் எளிதாகப் பற்றவைக்கலாம். சேனலுக்கு ஒன்றாக இரண்டு வேண்டும்; ஒவ்வொன்றும் சுமார் 20 வாட் தரும். பெட்டியில் 2000 வாட் பிஎம்பிஓ (விளம்பரத்துக்காக ஊதிப் பெருக்கிய உச்ச வாட் கணக்கு) என்று அச்சடித்த செட்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு 20 அற்பமாகத் தோன்றலாம். ஒரு வாட்டுக்கு 87 டெசிபெல் தரும் சாதாரண ஸ்பீக்கர், 20 வாட்டில் ஒரு மீட்டர் தொலைவில் 100 டெசிபெல் தரும். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்ட அது போதும்.

முதல் படி: ஸ்பீக்கர் எத்தனை ஓம்?

பின்பக்கம் எழுதியிருக்கும். அழிந்துபோயிருந்தால், ஸ்பீக்கரை எதனுடனும் இணைக்காமல் மல்டிமீட்டரை ஓமில் வைத்து அளந்து பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6 அல்லது 7 காட்டும். 4 ஓம் ஸ்பீக்கர் 3க்குச் சற்று மேலே காட்டும். மீட்டர் காட்டுவது சுருளின் நேர்மின் தடை மட்டும் என்பதால் எப்போதும் குறைவாகத்தான் வரும்.

இரண்டாம் படி: டிரான்ஸ்பார்மர்

மொத்தச் செலவில் பெரும்பங்கை இதுவும் ஹீட் சிங்கும்தான் விழுங்கும். விழுங்கட்டும். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

8 ஓம் ஸ்பீக்கருக்கு 18-0-18 வாங்குங்கள், அதாவது நடுவில் ஒரு பொது முனையும் அதன் இரு புறமும் 18 வோல்ட் ஏசியும் தருவது. 18ஐ 1.414 ஆல் பெருக்கினால் 25.4, ஏசியை டிசியாக்கும் டயோடில் ஒரு வோல்ட் போனால் ±24.5 வோல்ட் (பிளஸ் 24.5, மைனஸ் 24.5) கிடைக்கும். பாட்டு ஓடும்போது அது 22 அளவுக்கு இறங்கும். ஐசி தனக்கென்று மூன்று வோல்ட் எடுத்துக்கொள்ள, ஸ்பீக்கருக்கு 19 வோல்ட் உச்சம் மிஞ்சும். 19ஐ 19ஆல் பெருக்கி, 8 ஓமின் இரு மடங்கான 16ஆல் வகுத்தால் 22 வாட். கணக்கு இவ்வளவுதான்.

4 ஓம் ஸ்பீக்கராக இருந்தால் 18-0-18 வேண்டாம், 12-0-12 போதும். வோல்ட் குறைந்தால் ஒலியும் குறையுமே என்று தோன்றும். ±16 வோல்ட்டில் 12 வோல்ட் உச்சம் கிடைத்தாலே 4 ஓமில் 18 வாட் வந்துவிடுகிறது. மாறாக ±24.5இல் ஓட்டினால், மோசமான நிலையில் ஒரு ஐசி 30 வாட் வெப்பத்தைக் கக்கும். ஐசியின் உள்ளிருந்து அதன் தகடு வரை ஒரு வாட்டுக்கு 3 டிகிரி ஏறும், தகட்டுக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே வைக்கும் மைக்கா தாளில் இன்னும் ஒரு டிகிரி. 30 வாட்டுக்கு 120 டிகிரி! கோடையில் 40 டிகிரி அறையில் ஐசி தாங்கும் 150 டிகிரியை அது தாண்டிவிடுகிறது. எவ்வளவு பெரிய ஹீட் சிங்க் மாட்டினாலும் கணக்கு உதைக்கும். உள்ளேயே வெப்பப் பாதுகாப்பு இருப்பதால் எரிந்துபோகாது, ஆனால் பாட்டு விட்டு விட்டு வரும்.

24-0-24 மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் ±33 வோல்ட் வரும். இந்த ஐசியின் எல்லை பிளஸ், மைனஸ் இரண்டும் சேர்த்து 60 வோல்ட்.

ஆம்பியர் எவ்வளவு? இரண்டு சேனலுக்கும் சேர்த்து 3 ஆம்பியர் தாராளம். கையில் எடுத்துப் பாருங்கள். நூறு விஏ (வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கிய அளவு) உள்ள சாதாரண டிரான்ஸ்பார்மர் ஒன்றரை முதல் இரண்டு கிலோ இருக்கும். பெட்டிமேல் '3 ஆம்பியர்' ஸ்டிக்கர் ஒட்டியும் லேசாக இருந்தால் எடைதான் உண்மையைச் சொல்கிறது. கடையிலேயே இணைத்துக் காட்டச் சொல்லி ஏசி வோல்ட்டை அளங்கள். சுமை இல்லாதபோது 18க்குப் பதில் 19, 20 காட்டுவது இயல்பு. 21ஐத் தாண்டினால் அந்த உருப்படியை விட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: டயோடும் ஃபில்டர் கெப்பாசிட்டரும்

1என்4007 ஒரு ஆம்பியர் டயோடு, இங்கே தாங்காது. நான்கு 1என்5408 டயோடுகள் போதும், அல்லது நான்கு டயோடுகளும் ஒரே உறையில் வரும் பிரிட்ஜ், நான்கு ஆம்பியருக்குக் குறையாதது.

ஃபில்டருக்கு பிளஸ், மைனஸ் ஒவ்வொன்றுக்கும் 4700 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் கெப்பாசிட்டர். கடையில் அதையே 'கண்டென்சர்' என்று கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். ±24.5 வோல்ட்டுக்கு 25 வோல்ட் கண்டென்சர் சரியாக இருக்குமே என்று நினைக்காதீர்கள். சுமை இல்லாத நேரத்தில், வீட்டு மின்சாரம் 240ஐத் தாண்டும் இரவுகளில், 28, 29 வோல்ட் வரை ஏறும். 105 டிகிரி என்று அச்சிட்டதை வாங்குங்கள். வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் இந்த எலக்ட்ரோலைட்டிக் வகைக் கண்டென்சரின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். நிச்சிகான், ரூபிகான், பானசோனிக் கிடைத்தால் நல்லது; கேரளத்தின் கெல்ட்ரானும் நம்பத்தக்கது. பழைய கண்டென்சருக்குப் புது உறை மாட்டி விற்பதும் உண்டு. கால்கள் வெட்டப்பட்டிருந்தாலோ, ஈயம் ஒட்டியிருந்தாலோ, தலைப்பகுதி சற்றே உப்பியிருந்தாலோ திருப்பிக் கொடுங்கள்.

நான்காம் படி: ஐசி

'ஒரிஜினலா?' என்று கேட்டுப் பயனில்லை. எல்லாக் கடைகளிலும் பதில் ஒன்றுதான்.

எல்எம்1875க்குப் போலிகள் ஏன் இவ்வளவு என்பதற்கு எளிய காரணம் உண்டு. விலை குறைந்த டிடிஏ2030இன் கால்களும் இதே வரிசையில்தான் அமைந்திருக்கின்றன. மேலிருக்கும் எழுத்தைச் சுரண்டி வேறு எண்ணை அச்சடித்தால் வேலை முடிந்தது. குறைந்த வோல்ட்டில் அது பாடவும் செய்யும். ஆனால் டிடிஏ2030இன் எல்லை ±18 வோல்ட்; 18-0-18இல் மாட்டிய கொஞ்ச நேரத்தில் போய்விடும். டிடிஏ2050 கேட்பவர்களுக்கும் ஒரு சொல்: அதைத் தயாரித்த எஸ்டி நிறுவனம் உற்பத்தியை நிறுத்திவிட்டது. கடையில் 'புத்தம் புதிது' என்று கொடுக்கப்படுவதைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

அசிட்டோன் தொட்ட பஞ்சால் எழுத்தைத் துடைத்துப் பாருங்கள். கறுப்புப் பூச்சே கரைந்து வந்தால் போலி. இரண்டு ஐசிகளின் உலோகத் தகடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். துளையின் வடிவம், எழுத்தின் அளவு, தொகுதி எண் ஆகியவை பொருந்த வேண்டும். இதெல்லாம் ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். அதனால் என் பழக்கம் இது: ஐசியை மட்டும் மவுசர், டிஜிகீ, எலிமென்ட்14 போன்ற அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தர்களிடம் ஆன்லைனில் வாங்குவது, மற்ற எல்லாவற்றையும் தெருக்கடையில் வாங்குவது. அனுப்பும் கட்டணம் உறுத்தும். நண்பர்கள் இருவர் மூவர் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போட்டால் வலி குறையும். முழு 'கிட்' வாங்குவதைவிட வெறும் போர்டை மட்டும் வாங்குங்கள்; கிட்டோடு வரும் ஐசி பெரும்பாலும் மேலே சொன்ன ரகம்.

ஐந்தாம் படி: சில்லறை உருப்படிகள்

இவை எல்லாம் சேர்ந்தும் டிரான்ஸ்பார்மர் விலைக்கு அருகில் வராது. ரெசிஸ்டர்கள் மெட்டல் ஃபிலிம், ஒரு சதவீதம், கால் வாட். ஐசியின் டேட்டா ஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத் தாள்) ஃபீட்பேக்குக்கு, அதாவது பெருக்கத்தை நிர்ணயிக்கும் இரண்டு ரெசிஸ்டர்களுக்கு, 20 கிலோ ஓம், 1 கிலோ ஓம் என்று இருக்கும். 20 கிலோ எல்லாக் கடைகளிலும் இருக்காது. 22 கிலோ போடுங்கள், 23 மடங்கு பெருக்கம் கிடைக்கும். செல்பேசி தரும் சிறிய சிக்னலுக்கு அது ஏராளம். சத்தம் அதிகமென்று பெருக்கத்தைப் பத்துக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். ஐசி உள்ளீடே இல்லாமல் தானே அதிர (ஆசிலேட்) ஆரம்பித்துவிடும்.

உள்ளீட்டில் 2.2 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கண்டென்சர். கிடைக்காவிட்டால் 1 மைக்ரோஃபாரட். உள்ளீட்டில் வரும் 22 கிலோ ஓமோடு சேர்ந்து 7 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், பாஸுக்கு ஒரு குறையும் வராது. இந்த இடத்தில் செராமிக் வேண்டாம். வோல்ட்டுக்கு ஏற்ப மதிப்பு மாறும் குணம் அதற்கு உண்டு. ஐசியின் மின்கால்களை ஒட்டி வைக்கும் 0.1 மைக்ரோஃபாரட்டுக்கு அதே செராமிக் பொருத்தமானது. மேலே 104 என்று எழுதியிருக்கும். வெளியீட்டில் 1 ஓம், 2 வாட் ரெசிஸ்டரும் 0.22 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் தொடராக வரும். அந்த 1 ஓம் கம்பி சுற்றிய வகையாக இருக்கக் கூடாது.

வால்யூம் கண்ட்ரோலில் பலர் ஏமாறுகிறார்கள். ஆசியத் தயாரிப்புகளில் 'ஏ' என்றால் லாக் (காதுக்குச் சீராகச் சத்தம் ஏறும் வகை), 'பி' என்றால் லீனியர். கேட்காவிட்டால் 'பி' தான் கையில் வரும். அதில் குமிழைக் கொஞ்சம் திருப்பியதுமே முழுச் சத்தமும் வந்துவிடும், மீதித் திருப்பம் வீண். 'ஏ 10 கிலோ, ஸ்டீரியோ' என்று கேளுங்கள்.

ஹீட் சிங்க்: 8 ஓம் கணக்கில் ஒரு ஐசிக்கு 15 வாட் வெப்பம். வாட்டுக்கு 3 டிகிரி அல்லது அதற்கும் குறைவான ஹீட் சிங்க் ஒவ்வொரு ஐசிக்கும் வேண்டும். இந்த ஐசியின் தகடு மைனஸ் மின்சாரத்தோடு இணைந்தது. மைக்கா தாளும் பிளாஸ்டிக் வளையமும் இல்லாமல் திருகினால், ஹீட் சிங்க் எர்த்தைத் தொட்ட கணம் ஷார்ட்.

ஆறாம் படி: எங்கே, எப்போது?

சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, மும்பையில் லேமிங்டன் ரோடு. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பல கடைகள் மூடியிருக்கும். காலையில், கூட்டம் சேரும் முன் போனால் கடைக்காரர் பொறுமையாக எடுத்துக் காட்டுவார். பட்டியலை மதிப்பு, வோல்ட், எண்ணிக்கை என்று தாளில் எழுதி நீட்டுங்கள். ரெசிஸ்டர், டயோடு போன்றவற்றைத் தேவைக்கு இரண்டு மடங்காக வாங்குங்கள். கையடக்க மல்டிமீட்டரை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். கடைகளில் யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

ஏழாம் படி: வாங்கியதைச் சோதித்தல்

230 வோல்ட் பக்கம் ஒரு ஆம்பியர் ஸ்லோ-புளோ ஃப்யூஸ் கட்டாயம். உலோகப் பெட்டியை எர்த்தோடு இணைத்தாக வேண்டும். மெயின்ஸ் ஒயரிங் பழக்கமில்லாதவர்கள், தெரிந்த எலக்ட்ரீஷியனை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் பற்றவைத்து முடித்து முதல் முறை போடும்போது ஸ்பீக்கரை இணைக்காதீர்கள். மெயின்ஸ் லைனில் 60 வாட் குண்டு பல்பைத் தொடராகப் போடுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. ஸ்விட்சைப் போட்டதும் பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கினால் நலம். எரிந்தபடியே இருந்தால் எங்கோ ஷார்ட். அணைத்துவிட்டு டயோடுகளின் திசையையும் மைக்காவையும் பாருங்கள். அணைத்த பிறகும் 4700 மைக்ரோஃபாரட்டில் மின்சாரம் தேங்கியிருக்கும். 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் குறுக்கே அரை நிமிடம் வைத்து இறக்கிவிட்டுக் கைவையுங்கள்.

பல்பு மங்கியதா? இப்போது ஒவ்வொரு ஐசியின் மின்பாதையிலும் மீட்டரைத் தொடராக வைத்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 70 மில்லிஆம்பியர் அளவில் ஓட வேண்டும், நூறைத் தாண்டக் கூடாது. அடுத்து வெளியீட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே டிசி அளங்கள். ஐம்பது மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருந்தால் பல்பை எடுத்துவிட்டு மறுபடியும் அதையே அளங்கள். அப்போதும் மாறாமல் இருந்தால் ஸ்பீக்கரை இணைக்கலாம். ஒரு சேனல் சரியாகவும் மற்றது வோல்ட் கணக்கிலும் காட்டினால், அந்தப் பக்கத்துப் பற்றவைப்புகளையும் ரெசிஸ்டர் மதிப்புகளையும் முதலில் பாருங்கள். அவை சரியென்றால் ஐசியை மாற்றுங்கள்.